விஜயா

ராத்திரி இரண்டே கால்.
கடைசி லோக்கல் போய்
முதல் லோக்கல் வராத இடைவெளியில்
உள்ளங்காலில் எறும்பு ஊறத் தொடங்கும்.
சர்க்கரை இருக்கிற இடத்துக்கு எறும்பு வரத்தானே செய்யும்
என்பாள் கோமு, சிரிக்காமல்.

சயான் ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில்
முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான்.
கை நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல்.
நீளும் ஒவ்வொரு கையிடமும் ஒரே கேள்வி:
வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?
தமிழில், மராத்தியில், உடைந்த உருதுவில்.
ஒன்றுமில்லை என்பார்கள்.
முந்தானையில் முடிந்திருக்கும் லேகியத்தை
வாசனையிலேயே பிடித்துவிடுவேன்.

எங்கள் பில்டிங் பெஞ்சில் வைத்துத்தான்
தாம்லே அந்தக் குப்பியைத் தந்தான்.
ரசீது இருக்கு, சட்டப்படிதான், ஆயுர்வேதம்,
நாக்குக்கு அடியில் நாலு சொட்டு.
ஊரில் சிவமூலி என்போம்.
போலீஸ்காரர் கஞ்சா என்பார்.
லேபிளில் பொடி எழுத்தில் விஜயா.
பள்ளிக்கூடத்து டீச்சர் பெயர் மாதிரி.

வெட்டிய புல்லும் சிக்குப்பிடித்த எண்ணெயும் கலந்த ருசி.
வலி போனது என்று சொல்லமாட்டேன்.
எழுந்து பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டது.
பால்காரர் மணியடிக்கும்வரை தூங்கினேன்,
எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.
நாலு சொட்டு ஆறாச்சு. ஆறு பத்தாச்சு.

ஒரு நாள் சிறுநீருக்கு எழுந்தபோது
சுவர் நகர்ந்து வழிவிட்டது.
வாஷிங் மெஷினைக் கட்டிப்பிடித்து நின்றேன்,
அது ஓடி முடிவதற்குக் காத்திருப்பவன்போல.
யாரிடமும் சொல்லவில்லை.

என் நெஞ்சுக்குள் ஒன்பது வருஷமாய்
ஓர் உலோகக் கதவு.
அமைதியான அறையில் கோமுவுக்கே கேட்கும் டிக் டிக்.
அதில் ரத்தம் உறையாமலிருக்க
தினமும் ஒரு மாத்திரை, மாலை ஆறு மணிக்கு.
அந்த மாத்திரையின் குணம் எனக்குத் தெரியாதா?
கீரையோடுகூடச் சண்டை பிடிக்கும் அது.
எத்தனை பேருக்கு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முன்கையில் நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு.
கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.
பிறகு தொடையில் ஒன்று.
எந்தக் கதவு, என்றாள் கோமு.
பேஸ்ட் நுரை இளஞ்சிவப்பாய் வாஷ்பேசினில் வழிந்த அன்று
அவளே டாக்ஸி பிடித்தாள்.

மூன்றில் நிற்க வேண்டிய எண்
ஆறைத் தாண்டியிருந்தது.
டாக்டர் ஃபர்ஹீனுக்கு முப்பது வயது இருக்கும்.
தலை நிமிராமல் கேட்டார்:
வேற என்ன மருந்து எடுக்கறீங்க அங்கிள்?

ஒன்றுமில்லை.

நான் யோசித்துச் சொல்லவில்லை.
முப்பத்தொரு வருஷமாய்க் கேட்டுக் கேட்டு
அதுவே வாயில் வந்து நின்றது.

கோமு கைப்பையைத் திறந்து
குப்பியை மேஜைமேல் வைத்தாள்.
இவ பேரு விஜயா.
மூணு மாசமா இவரோடதான் இருக்கா.

டாக்டர் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.
லேபிளைக் கேஸ் ஷீட்டில் எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.
திட்டுவார் என்று தோளைக் குறுக்கியிருந்தேன்.
கல்லீரலில் ஒரே வாசல், அங்கிள்.
இவங்க வழியை மறிச்சு நின்னதில்
உங்க ரத்த மாத்திரை வெளியே போக முடியல.
உள்ளேயே சேர்ந்துடுச்சு.
வலி பொய்யில்ல. அதுக்கு வேற பார்க்கலாம்.
முதல்லயே சொல்லியிருக்கலாமே.

சொல்லியிருக்கலாம்.
எழுபத்து மூன்று வயதில்
கஞ்சா என்ற சொல்லை
மகள் வயதுப் பெண் முன்னால் எப்படி வைப்பது?
கோமு வைத்தாள், ஒரு பெண்ணின் பெயரைப்போல.

புது மாத்திரையில் வாய் உலர்கிறது.
எறும்புகள் குறைந்திருக்கின்றன, போகவில்லை.
இரண்டே காலுக்கு விழித்துக்கொண்டு
கதவின் டிக் டிக்கை எண்ணுகிறேன்.
சில ராத்திரி அந்தப் புல் வாசனை நினைவுக்கு வருகிறது.
அதைக் கோமுவிடம் சொல்லிவிடுகிறேன்.

நேற்று பெஞ்சில் தாம்லே.
நன்றாகத் தூங்கிய முகம்.
போன வருஷம் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவன்.
வேற என்ன மருந்து சாப்பிடுறே, என்றேன்.

குச் நஹி, என்றான்.

துருத்தியிருந்த அவன் சட்டைப் பையைப் பார்த்தபடி
கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.
எனக்கு அவசரமில்லை.